பதினாலாம் சுற்று



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நான் பூசை உடுப்புகளைக் களைந்துகொண்டிருக்கையில், நம் விசாரணை வாலிபன் ஒருவன் சக்கிறீஸ்து வாசலில் வந்து நின்றான். "சாமி, குத்துச்சண்டை பழகினால் பாவமா? அம்மா பாவம் என்கிறார்கள். அப்பா, ஆண்பிள்ளைக்கு நல்லதுதானே என்கிறார். நீங்கள் சொன்னால் இருவரும் கேட்பார்கள்" என்றான். இவ்வளவு பெரிய வழக்கை என் தலையில் வைத்துவிட்டு, பதிலுக்கு அவசரப்படுகிறவன் போல் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு நின்றான். ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. "ஒரு வாரம் பொறு, பத்திரிகையில் எழுதுகிறேன்; வீட்டில் மூவரும் சேர்ந்து வாசியுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். ஆகையால் இவ்வாரப் பிரசங்கம் ஒரு குத்துச்சண்டைக்காரனைப் பற்றியது. கதை நமக்கு வெகு தூரத்து அமெரிக்காவில் நடந்தது. ஆனால் ஆத்துமத்துக்கு அடுத்த காரியங்களில் தூரம் என்பது கிடையாது.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் யங்ஸ்டவுன் என்றொரு ஊர். இரும்பாலைகளின் ஊர். அங்கே இத்தாலிய வம்சத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் 1961ம் ஆண்டு மார்ச்சு 4ந் தேதி ரே மான்சினி பிறந்தான். அவனுடைய தகப்பனார் லென்னி மான்சினியும் குத்துச்சண்டைக்காரரே. 1940களின் தொடக்கத்தில் லைட்வெயிட் பிரிவில் உலகப் பட்டத்துக்கு மிக அண்மையில் நின்றவர். பட்டத்துக்கு முன் யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர்க்கப்பட்டு பிரான்சு தேசத்துக்கு அனுப்பப்பட்டார். 1944ம் ஆண்டு மெட்ஸ் நகரத்தை அடுத்த இடத்தில் பீரங்கிக் குண்டின் சிதறல்கள் அவர் உடலைத் துளைத்தன. உயிர் தப்பியது, பட்டம் தப்பிப்போயிற்று.

இந்தத் தகப்பனாரைப் பற்றிய பழைய பத்திரிகைத் துணுக்குகளைப் புரட்டிப் புரட்டி வளர்ந்த பிள்ளை ரே. தகப்பனுக்குக் கிட்டாததைத் தான் வாங்கிவந்து அவர் கையில் கொடுக்கவேண்டும் என்பதே அவன் மனதில் ஊறிய ஆசை. கர்தினால் மூனி என்ற கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் படித்தான். அவன் பள்ளி மாணவனாயிருந்த காலத்திலே, 1977ம் ஆண்டு செப்டம்பர் 19ந் தேதி, ஊரின் பெரிய இரும்பாலைக் கம்பெனி தன் பெரும் ஆலையொன்றை மூடப்போவதாக அறிவித்தது. ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த நாளை அவ்வூரார் இன்றும் கறுப்புத் திங்கள் என்றே சொல்லுகிறார்கள். ஆலைக்குப் போகலாம் என்று நம்பியிருந்த வாலிபர்களுக்குப் போக்கிடம் இல்லாத காலத்தில், 1979ம் ஆண்டு, பதினெட்டு வயதில், ரே கூலிக்குச் சண்டையிடும் தொழிலில் இறங்கினான். 1981ம் ஆண்டு பெப்ருவரியில் அவனுடைய அண்ணன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். அவ்வருஷமே அக்டோபரில் அலெக்சிஸ் அர்கெய்யோ என்ற மகா வீரனிடம் பதினாலாம் சுற்றில் தோற்றான். பிறகு 1982ம் ஆண்டு மே 8ந் தேதி, ஆர்தூரோ ஃபிரியாஸ் என்பவனை முதல் சுற்றிலேயே வீழ்த்தி உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் லைட்வெயிட் பட்டத்தை வாங்கினான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் பிரான்சில் சிந்திப்போனதை மகன் பொறுக்கிக்கொண்டு வந்தான் என்று அந்தத் தேசம் முழுவதும் கொண்டாடியது. வயது இருபத்தொன்று.

இது வரையில் வாசித்தவர்கள், "நல்ல பிள்ளை" என்பீர்கள். நானும் அப்படியே சொல்லுவேன். தாய் தகப்பனைச் சங்கிக்கச் சொல்லும் நாலாம் கற்பனையை இவ்வளவு உருக்கமாய்க் கைக்கொள்ளுகிற பிள்ளைகள் எத்தனை பேர்? ஆனால் நாலாம் கற்பனைக்குப் பக்கத்திலேயே ஐந்தாம் கற்பனை நிற்கிறது.

இனி மறுபுறம் பாருங்கள். தென் கொரியாவில் காங்வொன் மாகாணத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, பெயர் கிம் டுக்-கூ. இரண்டு வயதிலே தகப்பனை இழந்தவன். தெருவில் பிறர் பாதரட்சைகளுக்கு மெருகு போட்டுப் பிழைத்தவன். 1978ல் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கி, 1982ன் தொடக்கத்தில் கீழ்த்திசை நாடுகளின் பட்டத்தை வென்றான். அவனுக்கென்று நிச்சயிக்கப்பட்ட பெண் ஒருத்தி இருந்தாள், அவள் கர்ப்பவதி. இப்படிப்பட்டவனை மான்சினிக்கு எதிராக நிறுத்தினார்கள். அமெரிக்க மண்ணில் அவனுக்கு அதுவே முதல் சண்டை. லைட்வெயிட் என்றால் 135 ராத்தலுக்குமேல் எடை இருக்கலாகாது. அந்த எடைக்கு இறங்க அவன் மிகவும் பிரயாசைப்பட்டான். விடுதி அறையிலிருந்த விளக்கின் மறைப்பில், வாழ்வு அல்லது சாவு என்று பொருள்படும்படி தன் பாஷையில் எழுதி வைத்தான். அமெரிக்கப் பத்திரிகைகள் அதைத் தப்பாய் மொழிபெயர்த்து, கொல்லு அல்லது கொல்லப்படு என்று அவன் எழுதியதாகப் போட்டுவிட்டன. இந்தத் தப்பு எனக்கு மிகவும் துக்கமாயிருக்கிறது. தன்னைக் குறித்து ஒரு வாலிபன் செய்த பிரதிக்கினையை, எதிராளிமேல் கொண்ட வஞ்சமாக மாற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அப்படிப்பட்ட வார்த்தைதான் ருசிக்கும் போலும்.

1982ம் ஆண்டு நவம்பர் 13ந் தேதி, சனிக்கிழமை. லாஸ் வேகாஸ் நகரில் சீசர்ஸ் பாலஸ் என்ற சூதாட்ட விடுதிக்கு வெளியே திறந்த வெளியில் கோதா அமைத்திருந்தார்கள். டெலிவிஷன் வழியாக வீடுகள்தோறும் அந்தச் சண்டை காட்டப்பட்டது. இருவரும் ஒருவருக்கொருவர் சளைக்கவில்லை. மான்சினியின் இடது காது கிழிந்தது; கண் வீங்கிற்று; இடது கை ஏறக்குறைய இரண்டு பங்காய்ப் பருத்தது. சண்டையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் எண்ணினானாம். பதினோராம் சுற்றில் கிம்மின் முழங்கால்கள் மடிந்தன, எழுந்தான். பதின்மூன்றாம் சுற்றில் மான்சினி இடைவிடாது முப்பதுக்கு மேற்பட்ட குத்துகளைப் பொழிந்தான், நின்றான். பதினாலாம் சுற்று தொடங்கியதும் மான்சினியின் வலக்கைக் குத்து அவன் தலையில் விழுந்தது. மீண்டும் ஒன்று. கிம் பின்னோக்கிச் சாய்ந்து விழுந்தான். தலை கோதாவின் தளத்தில் மோதிற்று. அப்போதும் கயிற்றைப் பற்றிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான், எழுந்தும் விட்டான். ரிச்சர்டு கிரீன் என்ற நடுவர் சண்டையை நிறுத்தினார். அந்தச் சுற்று தொடங்கி 19 வினாடிகளே ஆகியிருந்தன. சற்று நேரத்தில் கிம் நினைவிழந்தான். வைத்தியசாலையில் மண்டையைத் திறந்து, மூளைக்கும் அதன் உறைக்கும் இடையில் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். பயனில்லை. கொரியாவிலிருந்து அவன் தாய் விமானம் ஏறி வந்து சேர்ந்தாள். மகனுடைய மார்பு ஏறி இறங்குவது யந்திரத்தினாலே என்று அவளுக்குச் சொன்னார்கள். யந்திரத்தை நிறுத்த அவளே சம்மதம் கொடுத்தாள். சண்டை நடந்து சில நாளில் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? முடியவில்லை. மூன்று மாதத்துக்குள் அந்தத் தாய் துக்கம் தாளாமல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டாள். 1983ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதியில் நடுவர் கிரீனும் அவ்விதமே இறந்துபோனார். அவர் மனதில் என்ன இருந்ததென்று சர்வேசுரன் ஒருவரே அறிவார். அந்த ஜூலை மாதத்திலேயே கிம்முக்கு ஆண் பிள்ளை பிறந்தது. தகப்பனைக் காணாத தகப்பனுக்குத் தகப்பனைக் காணாத மகன். இப்படித் தன்னை மாய்த்துக்கொண்டவர்களைப்பற்றி நம்மில் சிலர் இன்னும் கடினமாய்ப் பேசுவதைக் கேட்கிறேன். திருச்சபை அப்படிப் பேசுவதில்லை. மனநோவும் பெருந்துக்கமும் ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய இரட்சணியத்தைக் குறித்து நம்பிக்கையிழக்கலாகாது என்றும், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுகிறோம் என்றும் 1992ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசம் தெளிவாய்ச் சொல்லுகிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். ரே மான்சினி கொலைகாரனா?

குருமடத்தில் எங்களுக்கு ஒழுக்க சாஸ்திரம் கற்பித்த குருவானவர், எந்த வழக்கையும் கேட்டவுடன், "செய்கை என்ன, கருத்து என்ன, சூழ்நிலை என்ன?" என்று மூன்று விரலை மடக்குவார். அப்படியே மடக்கிப் பார்க்கிறேன். கருத்தைப் பார்த்தால், கிம்மைக் கொல்ல வேண்டுமென்று மான்சினி கனவிலும் நினைத்தவனல்ல. சூழ்நிலையைப் பார்த்தால், சட்டம் அனுமதித்த சண்டை, நடுவர் முன்னிலையில், விதிக்கு உட்பட்ட குத்து. ஆகையால் அவனைக் கொலைகாரன் என்று சொல்லுகிறவன் பொய்ச்சாட்சி சொல்லுகிறான். பிற்காலத்தில் முன்பின் தெரியாதவர்கள் அவனிடம் வந்து, "அந்தக் கொரியனைக் கொன்றவன் நீதானே?" என்று கேட்பார்களாம். அதுவே அவனுக்கு எல்லாவற்றிலும் கொடிய வேதனையாயிருந்தது. கேட்டவர்களில் எத்தனை பேர் அன்று டெலிவிஷன் முன் உட்கார்ந்து, இன்னும் ஒரு குத்து, இன்னும் ஒரு குத்து என்று கைதட்டினவர்களோ!

ஆனால் முதல் விரல் மடங்கமாட்டேன் என்கிறது. செய்கை என்ன? பந்தாட்டத்தில் கால் முறிவதுண்டு; அது ஆட்டத்தின் நோக்கமல்ல. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ எதிராளியின் தலையில் அடித்து அவன் புத்தியை மழுங்கச் செய்து அவனைக் கீழே தள்ளுவதே முழு வெற்றி. நாக்-அவுட் என்கிறார்களே, அது என்ன? மண்டை ஓட்டுக்குள்ளே மூளை அதிர்ந்து நினைவு தப்புவது. அந்த அதிர்ச்சியில் மூளையின்மேல் ஓடும் மெல்லிய நரம்புகள் அறுந்தால் இரத்தம் கட்டுகிறது. கிம்முக்கு நேர்ந்தது எங்கிருந்தோ வந்த விபத்தல்ல. எதைத் தேடினார்களோ அதிலேயே இரண்டு படி அதிகம். அமெரிக்க வைத்தியர் சங்கத்தின் சஞ்சிகை 1983ன் தொடக்கத்திலேயே இச்சண்டையை ஒழிக்கவேண்டும் என்று எழுதியது. உரோமையில் சேசுசபையார் நடத்தும் சிவில்தா கத்தோலிக்கா என்ற சஞ்சிகை 2005ம் ஆண்டு இன்னும் கடுமையாய், இது சட்டத்தின் அனுமதியோடு நடக்கும் கொலை முயற்சிக்குச் சமம் என்று கண்டித்தது. அது பாப்பரசரின் கட்டளையல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். குத்துச்சண்டையைப் பெயர் சொல்லி விலக்குகிற விதி திருச்சபைச் சட்டத்தில் கிடையாது.

"இருவரும் சம்மதித்துத்தானே இறங்கினார்கள், சாமி?" என்று நம் வாலிபன் கேட்பான். தம்பி, என் சரீரம் என் சொத்தாயிருந்தால் இந்தக் கேள்வி சரி. நம் சரீரத்துக்கு நாம் காவற்காரரேயன்றி எஜமானர் அல்ல. உன் எதிராளி, "என் தலையில் அடி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், அவனுக்கே உரிமையில்லாததை அவன் உனக்கு எப்படிக் கொடுப்பான்? முற்காலத்தில் ஐரோப்பாவில் பிரபுக்கள் சம்மதித்தே வாளெடுத்துத் துவந்த யுத்தம் செய்தார்கள். 1563ல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதைச் சபித்து, சண்டையிட்டவர்களை மாத்திரமல்ல, ஆலோசனை சொன்னவர்களையும், வேடிக்கை பார்த்தவர்களையும் திருச்சபைக்குப் புறம்பாக்கியது. வேடிக்கை பார்த்தவர்களையும்! இந்த வார்த்தையை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மாயிருந்தேன்.

ஏனெனில் பிறர் பாவத்துக்கு உடந்தையாகும் ஒன்பது வழிகளை ஞானோபதேச வகுப்பில் நீங்கள் எல்லோரும் மனப்பாடமாய்ச் சொன்னீர்கள். அதில் புகழ்ச்சியும் ஒன்று, சம்மதமும் ஒன்று, மௌனமும் ஒன்று. அர்ச். அகுஸ்தீனுடைய சிநேகிதர் அலிப்பியுசின் சங்கதி உங்களுக்குத் தெரியுமோ? உரோமையில் மனிதரை மனிதர் வெட்டிக்கொள்ளும் வேடிக்கைக்கு அவரைச் சிநேகிதர் இழுத்துப்போனார்கள். சரீரம் இங்கிருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன் என்று பிடிவாதமாய் உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஒரே குரலாய் ஆரவாரித்தது, என்னவோ என்று கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். இரத்தத்தைக் கண்டார், திரும்ப மூட மறந்தார். கீழே விழுந்த போர்வீரனைவிட மேலே உட்கார்ந்திருந்தவருக்கே பெருங்காயம் என்கிற பொருளில் அகுஸ்தீன் அதை எழுதிவைத்தார். காதை மூட மறந்துபோனார் பாருங்கள்! நமக்கோ அந்த உரோமைக் கோதா சட்டைப் பைக்குள்ளேயே கைபேசியாய் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தக் கோதாவில் நின்ற இருவரையும் பாருங்கள். ஒருவன் ஆலை மூடின ஊர்க்காரன், மற்றவன் பாதரட்சை துடைத்தவன். டிக்கெட்டு விற்றவர்களும், விடுதி நடத்தினவர்களும், ஒளிபரப்பினவர்களும் தங்கள் பிள்ளைகளை அங்கே நிறுத்தவில்லை. எந்தக் காலத்திலும் எந்தத் தேசத்திலும் இந்தத் தொழிலுக்கு ஆள் வருவது ஏழை வீட்டிலிருந்தே. பசியினால் கொடுத்த சம்மதத்தைச் சுத்தமான சம்மதம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்தச் சாவுக்குப்பின் சில திருத்தங்கள் உண்டாயின. பதினைந்து சுற்றாயிருந்த பட்டச் சண்டையை, ஒரு சங்கம் உடனேயும், மான்சினிக்குப் பட்டம் தந்த சங்கம் 1987லும், மூன்றாவது சங்கம் 1988லும், பன்னிரண்டு சுற்றாகக் குறைத்தன. கிம் விழுந்தது பதினாலாம் சுற்றிலன்றோ! இன்று அந்தச் சுற்றே கிடையாது. நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு சுற்றுக்குள்ளும் மனிதர் இறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மான்சினி பிறகும் சண்டையிட்டான். ஆனால் பழைய மான்சினி அல்ல. 1984ம் ஆண்டு ஜூன் முதல் தேதி லிவிங்ஸ்டன் பிராம்பிள் என்பவனிடம் பட்டத்தை இழந்தான். அதுவும் பதினாலாம் சுற்றிலேயே. மறுவருஷமும் அவனிடமே தோற்றுத் தொழிலை விட்டபோது வயது இருபத்துநாலு. 1989லும் 1992லும் இன்னும் இரண்டு முறை ஏறிப் பார்த்தான், இரண்டிலும் தோல்வி. மொத்தம் 34 சண்டை, 29 வெற்றி. பிழைப்புக்குச் சினிமாப் பக்கம் போனான். இவையெல்லாம் பெரிய காரியமல்ல. பெரிய காரியம் 2011ல் நடந்தது.

கிம்முக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அந்தப் பெண்ணும், அவள் வயிற்றில் அன்றிருந்த மகனும், கடல் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்தார்கள். மகன் வளர்ந்து பல்வைத்தியத்துக்குப் படித்தவன். மான்சினிக்கு ஐம்பது வயது. தமக்கும் பிள்ளைகள் உண்டு. தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர் இருபத்தெட்டு வருஷமாய்ப் பயந்துகொண்டிருந்த முகம் அதுவேயன்றோ? அந்தப் பிள்ளை, தன் உள்ளத்தில் வெறுப்பு இருந்ததை மறைக்காமல் சொன்னான். பிறகு, அது உங்கள் குற்றமல்ல என்றும் சொன்னான். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இங்கே நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருகிறவனாய் ஒரு வார்த்தை சொல்லுகிறேன். மோட்டார் ஓட்டுகையில் குறுக்கே ஓடிவந்த பிள்ளை அடிபட்டதென்று வந்து அழுகிறவர்கள் உண்டு. வைத்தியத்துக்குத் தாமதமாகக் கொண்டுபோனதால் தாயை இழந்தோமென்று வருஷக்கணக்காய் அழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான், "இதில் பாவமில்லை, மகனே" என்று சொல்லுவேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் திரும்பவும் வந்து அதையே சொல்லுவார்கள். குற்றமில்லாத இடத்தில் பாவவிமோசனம் கொடுக்கக் குருவுக்கு வழியில்லை. அந்தக் காயத்துக்கு மருந்து இழந்தவர்களின் கையில் இருக்கிறது. கொரியப் பிள்ளை அதைக் கொண்டுவந்து கொடுத்தான். நம் விசாரணையிலும் இப்படி ஒருவருக்கொருவர் முகம் பாராமல் இரண்டு தெருவைச் சுற்றிக்கொண்டு கோவிலுக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

இனி நம் வாலிபனுக்கு. தம்பி, கையுறை மாட்டி, பையைக் குத்தி, கயிறு தாண்டி, விடியற்காலையில் ஓடி உடம்பைக் கட்டுப்படுத்துவாயானால் அதில் பாவமில்லை, அர்ச். சின்னப்பரே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் தம்மைக் குத்துச்சண்டைக்காரனுக்கு ஒப்பிடுகிறார். ஆனால் அவர் அடித்துக் கீழ்ப்படுத்தினது தம்முடைய சரீரத்தை. இன்னொருவன் பெற்ற பிள்ளையின் தலையை அல்ல. தலைக்கவசமும் வைத்தியரும் நல்ல வாத்தியாரும் இருக்கிற இடத்தில் பழகு. தலையில் அடி வாங்கினதைப் பெருமையாய்ப் பேசுகிற இடமாயிருந்தால் அன்றே திரும்பி வந்துவிடு. பணத்துக்கு அடிபடும் சண்டைக்கு என்றாவது உன்னைக் கூப்பிட்டால், ஒப்புக்கொள்ளுமுன் என்னிடம் வா. வேறு வேலைக்கு வழி உண்டா என்று சேர்ந்து பார்ப்போம். எனக்குத் தெரிந்த இரண்டொருவரிடம் கேட்க நான் வெட்கப்படமாட்டேன். அம்மா சொன்னதும் முழுத் தப்பல்ல, அப்பா சொன்னதும் முழுத் தப்பல்ல என்று இருவருக்கும் சொல்லு. அவர்களுக்குள் சண்டை வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இது உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் மாதம். நவம்பர் 13ந் தேதி காலைப் பூசையை கிம் டுக்-கூ என்பவனுக்காகவும், அவனைப் பெற்றவளுக்காகவும், நடுவராய் நின்ற கிரீனுக்காகவும் ஒப்புக்கொடுக்கப் போகிறேன். கோதாவில் இறந்த மற்றவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுகிறேன். பூசை காலை ஆறு மணிக்கு. முதல் மணி ஐந்தரைக்கு அடிக்கப்படும். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறவர்கள் அதற்குமுன் வரலாம். நான் ஐந்து மணியிலிருந்தே தொட்டியில் இருப்பேன்.

உங்கள் விசாரணைக் குரு